அண்ணாமலைச் செட்டியாரும் அவர் கொடுத்த சர்வகலாசாலையும்

நமது மணிமங்கலத்து ராஜகோபாலப் பெருமாள் ஆலயச் சுவர்களில் சோழ மன்னர்களின் சாஸனங்கள் பல உள்ளன. அவற்றுள் வீரராஜேந்திர சோழனுடைய சாஸனம் சரித்திரம் பயின்றார் யாவரும் அறிந்தது. கூடல் சங்கமத்தில் சாளுக்கியரைப் புறங்கண்ட வெற்றியை அது விரித்துக் கூறுகிறது. இங்கிருந்து தெற்கே பாலாற்றங்கரையில் திருமுக்கூடல் என்றோர் ஊர் உளது. அவ்வூர்க் கோயிலிலும் அதே அரசன் காலத்துச் சாஸனம் ஒன்று இருக்கிறது. அதன் பெருமை போரைப் பற்றியதன்று. கோயிலைச் சார்ந்து ஒரு கலாசாலையும், மாணவர் உண்டுறையும் விடுதியும், 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலையும் நடைபெற்றதையும், ஆசிரியர், வைத்தியர், பணியாளர் ஒவ்வொருவருக்கும் அளந்த நெல் எவ்வளவு என்பதையும் அது கணக்காகச் சொல்லுகிறது.

பதினோராம் நூற்றாண்டில் இவ்வளவு செவ்வையாக நடந்த அக்கலாசாலை இன்று எங்கே? கல் இருக்கிறது, கல்வி இல்லை. கொடுத்த அரசர் குலம் மறைந்தது. அதனோடு கொடையும் மறைந்தது. இது சோழர்க்கு மட்டும் நேர்ந்த கதியன்று. வள்ளல் பச்சையப்ப முதலியார் 1794இல் காலஞ்சென்றார். அவர் வைத்துப்போன தர்மப் பொருள் நெடுங்காலம் வழக்கிலும் பலர் கையிலும் சிக்கி அல்லற்பட்டது. நியாயஸ்தலம் தலையிட்ட பிறகே, ஏறக்குறைய அரை நூற்றாண்டு கழித்து, 1842இல் சென்னையில் அவர் பெயரால் பள்ளிக்கூடம் ஏற்பட்டது. கொடுப்பது அரிது, கொடுத்தது கொடுத்தவனுக்குப் பின் நிலைப்பது அதனினும் அரிது. நியாயவாதத் தொழிலில் பயின்ற நாம், தர்ம சொத்துக்களின் கதையைப் படிக்குந்தோறும் இவ்வுண்மையையே காண்கிறோம்.

ஸ்ரீபெரும்புதூர் முதல் ஒரகடம் வரையில் இன்று தொழிற்சாலைகள் மலிந்துவிட்டன. ஏரிப் பாசனத்தால் வாழ்ந்த இந்நாட்டில் மோட்டார் வாகனங்கள் உற்பத்தியாகின்றன. அவற்றோடு போட்டியிட்டுக் கொண்டு கலாசாலைகளும் எழுந்திருக்கின்றன. செல்வர் ஒருவர் கல்விக்கெனப் பொருளிடுவது எவ்வாறு, அப்பொருள் யாருடையது, அதனை யார் காப்பது என்னும் வினாக்கள் ஆகவே நமக்குப் புறம்பானவை அல்ல. இவற்றுக்கு விடை தேடுவோர், தமது சொந்தக் கலாசாலைகளை ஒன்றாகச் சேர்த்து ஒரு சர்வகலாசாலைக்கென்று ஒப்படைத்த ராஜா ஸர் அண்ணாமலைச் செட்டியாரின் வரலாற்றை ஊன்றிப் பார்த்தல் வேண்டும்.

செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் 1881ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் தேதி அவர் பிறந்தார். தகப்பனார் முத்தையச் செட்டியார். நகரத்தார் குலத்துப் பெருந்தனக் குடும்பங்களுள் ஒன்று அது. அக்குலத்தார் பர்மா, இலங்கை, மலாய் நாடு முதலிய இடங்களிற் கடைகள் வைத்துக் கொடுக்கல் வாங்கல் செய்து பெரும்பொருள் ஈட்டியதும், ஈட்டியதில் ஒரு பகுதியைக் கோயில் திருப்பணிக்கும் வேத பாடசாலைக்கும் அன்னசத்திரத்துக்கும் செலவிட்டதும் நாடறிந்தவை. கணக்கில் ஒரு காசும் தவறவிடாத அவர்கள் தர்மத்தில் லட்சங்களை எண்ணிப் பாராமல் இறைத்தார்கள்.

அண்ணாமலைச் செட்டியாரின் தமையனார் திவான் பகதூர் ராமஸ்வாமிச் செட்டியார் இவ்வழக்கத்தைப் புதிய வழியில் திருப்பியவர். ஆர்பத்நட் கம்பெனி 1906இல் முறிந்து எண்ணிறந்த குடும்பங்கள் பொருளிழந்து தவித்தபோது, இந்தியர் கையில் ஒரு பாங்கி வேண்டுமென்று முனைந்து 1907இல் இந்தியன் பாங்கியை ஏற்படுத்தியவர்களுள் அவரும் ஒருவர். சிதம்பரத்தில் அவர் உயர்தரப் பள்ளிக்கூடம் ஒன்றை நிறுவினார்; அந்நகரத்தார்க்குக் குடிநீர் வசதியும் அவர் முயற்சியால் ஏற்பட்டது. தில்லைக் கூத்தன் சந்நிதிக்குச் செய்யும் கைங்கரியத்தில் ஊராருடைய தாகத்தையும் அறிவையும் சேர்த்தெண்ணியது அந்தத் தமையனாரின் பெருமை. அவருக்குப் பின் தம்பியார் அந்நகரத்தைக் கைவிடவில்லை. தமையனார் பள்ளிக்கூடம் வைத்த ஊரில் தாம் கலாசாலை வைக்கத் துணிந்தார்.

1920ஆம் ஆண்டில் சிதம்பரத்தில் ஸ்ரீ மீனாட்சி கலாசாலை திறக்கப்பட்டது. ஆண்டை வாசகர்கள் கவனிக்க வேண்டும். அவ்வாண்டு செப்டம்பரிற்றான் கல்கத்தாவில் கூடிய விசேஷக் காங்கிரஸ் ஒத்துழையாமைத் தீர்மானத்தை ஏற்றது. சர்க்கார் கலாசாலைகளையும், சர்க்கார் உதவி பெறும் கலாசாலைகளையும் விட்டு மாணவர் வெளியேற வேண்டுமென்று தேசம் முழுவதும் முழக்கம் எழுந்தது. குஜராத்தில் வித்தியாபீடமும் அலிகாரில் ஜாமியா மில்லியாவும் அவ்வாண்டிலேயே தோன்றின. காசியில் வித்தியாபீடம் அடுத்த ஆண்டு தோன்றிற்று. நாடெங்கும் தேசியப் பாடசாலைகள் முளைத்தன. அந்தச் சமயத்தில், சென்னைச் சர்வகலாசாலையோடு இணைந்து அதன் பரீட்சைகளுக்கு மாணவரைத் தயார் செய்யும் ஒரு கலாசாலையை ஒரு செல்வர் திறந்தார். 1923இல் அவருக்கு ஸர் பட்டம் வந்தது. 1929இல் பரம்பரை ராஜா பட்டமும் வந்தது. அவருடைய குமாரர் முத்தையச் செட்டியார் பிற்காலத்தில் ஜஸ்டிஸ் கட்சி மந்திரி சபையில் கல்வி மந்திரியாக அமர்ந்தார்.

தேசியவாதிகளாகிய நமக்கு இது இனிக்கும் செய்தியன்று. சிறை சென்றோர் ஒருபுறமும் பட்டம் பெற்றோர் மற்றொருபுறமுமாக நாடு பிரிந்து நின்ற காலத்தில், செட்டியார் நின்ற பக்கம் நமது பக்கமன்று. இதனை மறைத்து அவரைத் தேசபக்தராக்கிக் காட்டுவது சரித்திரத்துக்குச் செய்யும் துரோகம். ஆயினும், பட்டத்தை மட்டும் பார்த்து மனிதரை அளந்து முடித்துவிடுவதும் அதே துரோகத்தின் மறுபுறமே. 1920இன் உற்சாகத்தில் எழுந்த தேசியப் பாடசாலைகளிற் பெரும்பாலானவை சில ஆண்டுகளில் மூடப்பட்டன. தியாகம் அவற்றில் நிறைந்திருந்தது, மூலதனம் இல்லை. ஆசிரியருக்கு அடுத்த மாதச் சம்பளம் எங்கிருந்து வரும் என்னும் கேள்விக்கு விடை இல்லாத பள்ளிக்கூடம் எத்துணைத் தூய கொள்கையுடையதாயினும் நீடிக்காது. சிதம்பரத்தில் அக்கேள்விக்கு விடை இருந்தது.

பணம் இருந்தது என்பதோடு முடியவில்லை. பணத்தை யாரிடம் ஒப்படைப்பது என்று செட்டியார் அறிந்திருந்தார். ஸ்ரீ மீனாட்சி கலாசாலையின் பிரின்ஸிபாலாக அமர்ந்தவர் கே. ஏ. நீலகண்ட சாஸ்திரியார். பின்னாளில் சோழர் சரித்திரத்தை எழுதித் தென்னாட்டின் புகழை உலகறியச் செய்தவர் அவரே. நமது மணிமங்கலத்துச் சாஸனமும் அந்நூலுக்கு ஆதாரமாக நின்ற கற்களுள் ஒன்று. இளமைப் பருவத்தில் அவர் சில ஆண்டுகளைச் சிதம்பரத்து மாணவர்க்குச் சரித்திரம் சொல்லிக் கழித்தார் என்பது அக்கலாசாலைக்குப் பெருமை.

அடுத்து நிகழ்ந்தது இன்னும் முக்கியமானது. ஆங்கிலக் கலாசாலை ஒன்றோடு செட்டியார் நில்லாமல் தமிழுக்கெனத் தனிக் கலாசாலையும் ஸம்ஸ்கிருதத்துக்கெனத் தனிக் கலாசாலையும் ஏற்படுத்தினார். அந்நாளில் ஆங்கிலக் கலாசாலைகளில் தமிழாசிரியர் நிலை எத்தகையது என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை. சம்பளப் பட்டியலில் கடைசிப் பெயர் அவருடையது, மரியாதையிலும் அவ்வாறே. அத்தகைய காலத்தில் ஸ்ரீ மீனாட்சி தமிழ்க் கலாசாலையின் தலைமைக்குச் செட்டியார் அழைத்தது மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையரவர்களை. சென்னை ராஜதானிக் கலாசாலையிலிருந்து ஓய்வு பெற்று, ஏட்டுச் சுவடிகளோடு வாழ்ந்துகொண்டிருந்த ஐயர், ஏறக்குறைய எழுபது பிராயத்தில், 1924இல் அப்பொறுப்பை ஏற்றுச் சிதம்பரம் வந்தார். 1927 வரையில் அங்கிருந்தார். சங்க நூல்களை அழிவினின்று மீட்டவரே முன்னின்று தமிழ் கற்பிக்கும் கலாசாலையில் பயில்வதினும் சிறந்த பேறு ஒரு மாணவனுக்கு வேறு யாது?

இவ்வாறு ஓரூரில், ஒருவர் பொருளில், மூன்று கலாசாலைகள் நடைபெற்றன. ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டடம், தனி ஆசிரியர், தனி நோக்கம். ஆங்கிலக் கலாசாலை சென்னைச் சர்வகலாசாலைக்குக் கட்டுப்பட்டது. என்ன கற்பிப்பது, எவரைத் தேர்ச்சி பெற்றவராகக் கொள்வது என்பவற்றைச் சென்னையிலிருந்தோர் தீர்மானித்தனர். பணம் கொடுத்தவர் கானாடுகாத்தானில், கற்பித்தவர் சிதம்பரத்தில், தீர்ப்புச் சொன்னவர் சென்னையில். இந்த நிலையில் தமிழ்க் கல்வியும் ஆங்கிலக் கல்வியும் ஒன்றையொன்று தொடாமல் அடுத்தடுத்த வீட்டாரைப்போல வாழ வேண்டியிருந்தது.

அக்காலத்தில் இந்தியாவில் சர்வகலாசாலை என்பதன் கருத்தே மாறிக்கொண்டிருந்தது. 1857இல் ஏற்பட்ட கல்கத்தா, பம்பாய், சென்னைச் சர்வகலாசாலைகள் லண்டனைப் பின்பற்றிப் பரீட்சை நடத்துவதையே முதற்கடமையாகக் கொண்டவை. ஆசிரியரும் மாணவரும் ஓரிடத்தில் உறைந்து, கற்பித்தவரே பரீட்சித்துப் பட்டமளிக்கும் முறை பின்னர் வந்தது. பண்டித மாளவியா, அன்னி பெஸண்ட் அம்மையாரின் மத்திய ஹிந்து கலாசாலையைக் கருவாக வைத்துக் காசி ஹிந்து சர்வகலாசாலையை எழுப்பினார். அலிகாரிலிருந்த கலாசாலை 1920இல் சர்வகலாசாலையாயிற்று. டாக்கா, லக்ஷ்மணபுரி முதலியனவும் தோன்றின. நமது ராஜதானியில் ஆந்திரர் 1926இல் தமக்கெனச் சர்வகலாசாலை பெற்றுவிட்டனர். தமிழ் நாட்டுக்கென்று ஒன்று வேண்டுமென்னும் எண்ணம் தமிழரிடையே வலுத்தது. சர்க்காரிடம் திட்டங்கள் இருந்தன, பணம் இல்லை.

அந்தத் தறுவாயில் அண்ணாமலைச் செட்டியார் முன்வந்தார். மூன்று மீனாட்சி கலாசாலைகளையும், அவற்றைச் சேர்ந்த நிலம் கட்டடம் முதலிய சொத்துக்களையும் ஒப்படைப்பதாகவும், அவற்றோடு இருபது லட்சம் ரூபாய் ரொக்கமாகத் தருவதாகவும் சர்க்காரோடு உடன்படிக்கை செய்துகொண்டார். டாக்டர் பி. சுப்பராயன் முதன் மந்திரியாக இருந்த காலத்தில், 1928ஆம் ஆண்டின் அண்ணாமலைச் சர்வகலாசாலைச் சட்டம் சென்னைச் சட்டசபையில் நிறைவேறிற்று. 1929ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதி சர்வகலாசாலை ஏற்பட்டது.

இருபது லட்சம் ரூபாய் என்பது இன்று ஒரு சாமானிய வீட்டின் விலைக்கும் போதாது. அன்றைய மதிப்பை நேயர்கள் உணர வேண்டுமானால் பொன்னை வைத்து அளக்கலாம். 1927ஆம் ஆண்டின் நாணயச் சட்டப்படி ஆங்கிலப் பவுன் ஒன்றுக்கு விலை 13 ரூபாய் 5 அணா 4 பை. இருபது லட்சம் ரூபாய் என்பது ஒன்றரை லட்சம் பவுனாகிறது. ஒரு தனி மனிதர், தாம் உயிரோடும் வலுவோடும் இருக்கும்போதே, நாற்பத்தேழு வயதில், ஒன்றரை லட்சம் பவுனைக் கல்விக்கென்று கையை விட்டு இறக்கினார். சாகும் தறுவாயில் எழுதி வைக்கும் தர்மத்துக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு உண்டு.

ஆயினும் பொருளினும் பெரிய கொடை மற்றொன்று இருந்தது. மூன்று கலாசாலைகளும் தம் தனிப்பெயரை இழந்தன. ஒருவர் தாமே வளர்த்த மூன்று ஸ்தாபனங்களைத் தம் ஆயுட்காலத்திலேயே கலைத்து, சட்டத்தின் கீழ் இயங்கும் நான்காவது ஒன்றில் கரைத்துவிட இசைவது எளிதன்று. ஸ்தாபகர்களிற் பலர் தம் பெயர்ப் பலகையைக் காப்பதற்காகவே ஸ்தாபனத்தைக் குறுக்கிக் கொள்வதை நாம் நாள்தோறும் காண்கிறோம். கரைத்ததன் பயன் உடனே தெரிந்தது. தமிழ் வித்துவானும் பௌதிக ஆசிரியரும் ஒரே சபையில் உட்கார்ந்தனர். தமிழ், சர்வகலாசாலையின் புறக்கடையில் நின்ற நிலை மாறி, அதன் கூடத்தில் அமர்ந்தது. ஸங்கீதத்துக்கெனத் தனிக் கலாசாலையும் அதே 1929இல் சேர்ந்தது.

தேவாரப் பாடல் பெற்ற திருவேட்களம் கோயில் இன்றும் அந்தச் சர்வகலாசாலை நகருக்குள்ளேயே இருக்கிறது. அதனைச் சூழ்ந்த வெளியில் விடுதிகளும் வகுப்பறைகளும் நூல் நிலையமும் எழுந்து அண்ணாமலைநகர் என்று பெயர் பெற்றன. சென்னையைப்போல நூற்றுக்கணக்கான கலாசாலைகளை இணைத்துக்கொண்ட பேரமைப்பன்று அது; ஆசிரியர் மாணவரை முகத்தாலும் பெயராலும் அறியக்கூடிய சிறு சர்வகலாசாலை. அச்சிறுமையே அதன் பலம். முதல் துணைவேந்தராக எஸ். இ. ரங்கநாதன் இருந்தார். 1935 முதல் 1940 வரையில் மகாகனம் வி. எஸ். ஸ்ரீநிவாஸ சாஸ்திரியார் அப்பதவியை வகித்தார்.

தமிழ்த் துறையில் அமர்ந்தோரின் வரிசையைப் பார்ப்போம். மட்டக்களப்பு நாட்டிற் பிறந்த ராமகிருஷ்ண மடத்துத் துறவி விபுலாநந்த அடிகள் 1931 முதல் 1933 வரையில் தமிழ்ப் பேராசிரியர். யாழ் என்னும் மறைந்த இசைக்கருவியை ஆராய்ந்து அவர் எழுதிய பெருநூல் 1947இல் வெளிவந்தது. அவரே பின்னர் இலங்கைச் சர்வகலாசாலையிலும் தமிழ்ப் பேராசிரியரானார். அவருக்குப் பின் வந்தவர் நாவலர் சோமசுந்தர பாரதியார். இவர் யாவர்? சிதம்பரம் பிள்ளையின் சுதேசிக் கப்பல் கம்பெனியில் உழைத்தவர்; பாரதியாரின் இளமைத் தோழர்; வக்கீல் தொழிலை விட்டுத் தமிழுக்கு வந்தவர். ஸர் பட்டம் பெற்றவர் ஸ்தாபித்த இடத்தில் சுதேசிப் போராட்டத்தின் பழைய வீரர் தமிழ்ப் பேராசிரியராக வீற்றிருந்தார். அவருக்குத் துணையாகவும் அவருக்குப் பின்னும் பண்டிதமணி கதிரேசச் செட்டியார் தமிழ் கற்பித்தார். ரா. ராகவையங்கார் ஆராய்ச்சித் துறையிலிருந்தார். ரா. பி. சேதுப்பிள்ளை அங்கே சில ஆண்டு ஆசிரியராயிருந்து பிறகு சென்னைக்குச் சென்றார்.

மாணவர் வரிசையோ இன்னும் வியப்புக்குரியது. கே. பாலதண்டாயுதம், ஆர். உமாநாத் ஆகியோர் அங்கே பயின்றனர். இருவரும் ஏகாதிபத்தியத்தை எதிர்த்துப் பின்னர்ப் பொதுவுடைமை இயக்கத்தின் தலைவர்களாயினர். இரா. நெடுஞ்செழியன், க. அன்பழகன் ஆகியோரும் அங்கேயே தமிழ் பயின்று திராவிட இயக்கத்தின் முன்னணிக்கு வந்தனர். ராஜா பட்டம் பெற்றவரின் விடுதிகளில் உண்டு உறங்கிய இளைஞர், ராஜ பட்டங்களையே ஒழிக்கும் கட்சிகளுக்குத் தலைவராயினர். கொடுத்தவர் இதை விரும்பியிருப்பாரா என்பது கேள்வியன்று. உண்மையான கல்விக் கொடை, கொடுத்தவர் விருப்பத்தைத் தாண்டிச் செல்லும். தாண்டாத கொடை தர்மமன்று, கூலி.

செட்டியாரின் கடைசிக் காலத்துப் பெரும்பணி தமிழிசை. தமிழ்நாட்டு ஸங்கீத மேடைகளில் தமிழ்ப் பாட்டுக்கள் கச்சேரியின் கடைசியில் வரும் துக்கடாக்களாக நின்றன. கேட்போர் தமிழர், பாடுவோர் தமிழர், பாட்டு மட்டும் வேற்று மொழி. இதனை மாற்ற வேண்டுமென்று அவர் துணிந்தார். 1941இல் அண்ணாமலைநகரில் தமிழிசை மகாநாடு கூடிற்று. 1943இல் சென்னையில் தமிழிசைச் சங்கம் தோன்றிற்று. எதிர்ப்பு பலமாக இருந்தது. ஸங்கீதத்துக்குப் பாஷை இல்லையென்று வாதித்த வித்துவான்கள் பலர். இந்த விவகாரத்தில் ஒரு நன்மை விளைந்தது. ராஜாஜியும் டி. கே. சிதம்பரநாத முதலியாரும் கல்கியும் செட்டியாரோடு ஒரே பக்கம் நின்றார்கள். அரசியலிற் பிரிந்தவர்களைத் தாய்மொழி ஒரு பந்தியில் உட்கார வைத்தது. 1920இல் நமக்கும் அவருக்கும் இடையில் விழுந்த கோடு, இருபது ஆண்டுகளுக்குப் பிறகு இசையரங்கில் அழிந்தது என்றே நாம் கருதுகிறோம்.

1945இல் இஞ்சினீரிங் கல்வியும் அண்ணாமலைநகரில் தொடங்கிற்று. சுதந்திரம் வந்ததைக் கண்ணாற் கண்டு, 1948ஆம் ஆண்டு ஜூன் 15ஆம் தேதி செட்டியார் காலமானார்.

இத்தோடு நிறுத்திக் கொண்டால் இது வெறும் புகழுரையாய் முடியும். சட்டம் பயின்றவர் என்ற முறையில் நாம் அந்த 1928ஆம் ஆண்டுச் சட்டத்தின் மற்றொரு பக்கத்தையும் வாசகர்க்குக் காட்டக் கடமைப்பட்டிருக்கிறோம். செட்டியார் எல்லாவற்றையும் கொடுத்தார். ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டார். சென்னைக் கவர்னர் வேந்தர், ஸ்தாபகர் இணைவேந்தர். ஸ்தாபகருக்குப் பின் அப்பதவி அவர் சந்ததிக்குரியது. துணைவேந்தராகத் தக்கவர் எனச் சிலர் பெயரைக் குறித்துக் கொடுக்கும் உரிமையும் ஸ்தாபகரிடமே இருந்தது. சுருங்கச் சொன்னால், வீட்டைப் பொதுவில் எழுதி வைத்துவிட்டுச் சாவியைக் குடும்பத்தில் வைத்துக்கொண்டார்.

இதில் அன்று எவரும் பிழை காணவில்லை. கோயிலைக் கட்டியவன் குலத்தில் தர்மகர்த்தா பதவி தொடர்வது நமது நாட்டு வழக்கம். கொடுத்தவர் கண்காணித்தவரையில் அந்த ஏற்பாடு நன்மையும் செய்தது; சர்க்கார் மாறினும் கட்சிகள் மாறினும் சர்வகலாசாலை நிலைகுலையாதிருந்தது. அவர் காலத்துக்குப் பின்னும் நெடுநாள் அது வளர்ந்தது. பரங்கிப்பேட்டைக் கடற்கரையிலுள்ள கடல் உயிரின ஆராய்ச்சி நிலையம் உலகப் புகழ் பெற்றது. 1979இல் தபால் மூலம் கற்பிக்கும் தொலைதூரக் கல்வி தொடங்கி, லட்சக்கணக்கானவர்க்குப் பட்டக் கல்வியைக் கொண்டுசென்றது. 1985இல் வைத்தியக் கலாசாலையும் வந்தது.

ஆனால் சிறுமையே பலமாயிருந்த இடம் பெருத்துப் பெருத்துத் தன் அளவை இழந்தது. வரவுக்கு மிஞ்சிய சிப்பந்திகள் நியமிக்கப்பட்டனர். தொலைதூரக் கல்வியின் வருமானத்தை நம்பிச் செலவு ஏறிற்று. கணக்கு வழக்கில் ஒரு காசும் தவறாத குலத்தார் ஸ்தாபித்த இடத்தில், 2012ஆம் ஆண்டின் முடிவில் சம்பளம் கொடுக்கவே தட்டுப்பாடு நேர்ந்தது. ஆசிரியரும் ஊழியரும் வீதிக்கு வந்து கிளர்ச்சி செய்தனர். 2013 ஏப்ரலில் சர்க்கார் தன் அதிகாரியை நிர்வாகியாக அமர்த்திற்று. அவ்வாண்டிலேயே புதுச் சட்டம் செய்து ஸ்தாபகர் குடும்பத்தின் உரிமைகளை முடிவுக்குக் கொண்டுவந்தது. மிகைப்பட்ட சிப்பந்திகள் பிற சர்க்கார் ஸ்தாபனங்களுக்கு அனுப்பப்பட்டனர். எண்பத்து நான்கு ஆண்டு குடும்பத்தில் இருந்த சாவி, இவ்வாறு சச்சரவுக்கிடையில் கைமாறிற்று.

சர்க்கார் கைக்கு வந்தவுடன் குறைகள் யாவும் தீர்ந்தனவா? இல்லை. வைத்தியக் கலாசாலை மாணவர், சர்க்கார் கலாசாலை என்றால் சர்க்கார் கலாசாலைக் கட்டணந்தானே வாங்க வேண்டும் என்று கேட்டுப் பல வாரங்கள் போராடிய பிறகே, 2021இல் அது சுகாதார இலாகாவுக்கு மாற்றப்பட்டது. அதே ஆண்டில் விழுப்புரத்தில் புதிதாக ஏற்பட்டிருந்த ஜெயலலிதா சர்வகலாசாலையை அண்ணாமலைச் சர்வகலாசாலையோடு சேர்க்கும் சட்டம், சட்டசபையில் பலத்த வாக்குவாதத்துக்கிடையே நிறைவேறிற்று. அதன்படி கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி முதலிய ஜில்லாக்களின் கலாசாலைகள் அதனோடு இணைந்தன. மூன்று கலாசாலைகளைச் சேர்த்துப் பிறந்த சர்வகலாசாலையில் மீண்டும் ஒரு சேர்க்கை. முதற் சேர்க்கை ஆசிரியரையும் மாணவரையும் ஓரிடத்தில் கூட்டிற்று. இரண்டாவது சேர்க்கை, எந்தப் பரீட்சை ஆட்சியினின்று சிதம்பரம் 1929இல் விடுபட்டதோ அந்த ஆட்சியையே பிற ஊர்கள்மேற் செலுத்தும் வேலையை அதன் தலையில் வைத்தது. சேர்ப்பது எல்லாம் ஒன்றன்று. எதற்காகச் சேர்க்கிறோம் என்பதே கேள்வி.

நாம் அண்ணாமலைச் செட்டியாரைக் குறை கூறப் புகவில்லை. அவர் கொடுத்தது, அவர் வைத்துக்கொண்டதைக் காட்டிலும் ஆயிரம் மடங்கு பெரிது. ஆனால் நூறாண்டு நிலைக்கும் ஸ்தாபனத்தை ஒரு குடும்பத்தின் நற்குணத்தை நம்பி விடலாகாது என்பதை அவர் சரித்திரம் போதிக்கிறது. இலாகா ஒன்றின் நற்குணத்தை நம்பியும் விடலாகாது என்பதை அதன் பிற்பகுதி போதிக்கிறது. கணக்கைப் பகிரங்கமாக வைக்கும் சபையும், அந்தச் சபையிற் பேச உரிமையுள்ள ஆசிரியரும், கேள்வி கேட்க அஞ்சாத ஊராரும் இருந்தாலன்றிக் கொடை பிழைக்காது. திருமுக்கூடல் சாஸனத்தில் நெல் அளவுகூட எழுதப்பட்டிருந்தது. அரசன் மறைந்த பின்னர் அந்த அளவைக் கேட்பார்தாம் இல்லை.

1929இல் தோன்றிய சர்வகலாசாலைக்கு 2029இல் நூறு நிறைகிறது. நூற்றாண்டு விழாவில் சிலைகளுக்கு மாலை சூட்டுவது எளிது. அதனினும் நல்ல காணிக்கை, ஸ்தாபகர் செய்ததையும் செய்யத் தவறியதையும் நமது ஜில்லாவில் இன்று எண்ணிப் பார்ப்பது. 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம், பெருங்கம்பெனிகள் தம் லாபத்தில் நூற்றுக்கு இரண்டு விழுக்காடு சமூகப் பணிக்குச் செலவிட வேண்டுமென்று விதிக்கிறது. ஒரகடத்துப் பணம் அவ்வழியில் ஆங்காங்கே பெஞ்சுகளாகவும் சுவர்ப் பூச்சாகவும் சிதறிப் போகிறது. பெயர்ப் பலகைகள் பெருகுகின்றன, கல்வி பெருகவில்லை. ஒவ்வொருவரும் தத்தம் பலகையை மாட்டும் ஆசையை விட்டு, பொருளையும் சிறு கலாசாலைகளையும் ஒன்று சேர்த்து, நிர்வாகத்தைப் பொதுச் சபையிடம் ஒப்படைப்பார்களானால், மணிமங்கலத்துப் பையனும் பெண்ணும் உயர்ந்த கல்விக்கு வெளியூர் தேடிப் போக வேண்டியதில்லை. செல்வர்க்கு நாம் சொல்லுவது, வீட்டைக் கொடுக்கும்போது சாவியையும் கொடுத்துவிடுங்கள் என்பதே. வாலிபத் தொண்டர்களுக்கு நாம் சொல்லுவது, பொதுவில் வந்த சாவி துருப்பிடியாமற் காப்பது உங்கள் கடமை என்பதே.